பங்கு

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு
சயான் ஆஸ்பத்திரியில் எனக்குச் சீட்டு.
அசல்ஃபாவில் மெட்ரோ, காட்கோபரில் இறங்கி
ஸ்லோ லோக்கல், லேடீஸ் டப்பா.
அம்மா ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள்,
என்னையும் விட மாட்டாள்.
சீட் காலியாகக் கிடந்தாலும்
நடுவில் கம்பியைப் பிடித்து நின்றே போகிறோம்.

தாம்ளே மேடத்துக்குத் தமிழ் தெரியாது.
என் மராட்டி பள்ளிக்கூட மராட்டி.
இந்தியில் சந்தித்துக்கொள்கிறோம்,
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத
வாடகை அறையில்போல.

முதல் மாதம் மழையைப் பற்றி
அவர் கேட்கவேயில்லை.
பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்றார்.
உள்ளங்காலில் என்றேன்.
அதற்கு மார்க் போடச் சொன்னார்,
பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
கணக்கில் எப்போதும் முப்பத்தைந்தைத் தாண்டாதவள்
இதில் பத்துக்குப் பத்து.

பிறகு ஒரு ஏணி வரைந்தோம்.
கீழ்ப்படி: போனில் மழை, சத்தமில்லாமல்.
அடுத்தது: சத்தத்தோடு.
அதற்கும் மேலே:
குழாயைச் சொட்டவிட்டு, வாளிப் பக்கத்தில்
நூறு எண்ணும்வரை உட்காருவது.
எழுபத்து மூன்றில் எழுந்து ஓடிவிட்டேன்.
'எழுபத்து மூன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்,
ஓடியதை எழுதவில்லை.

நடந்ததை நான் சொல்ல வேண்டும்,
திரும்பத் திரும்ப.
முதல் தடவை மூன்றே சொல்:
மழை. சுவர். இசக்கி.
நான்காம் தடவையில் கூரை ஒழுகிய இடம் வந்தது,
கீழே வைத்த குக்கர் வந்தது,
தம்பி இழுத்துப் போர்த்திய
ஓரம் கிழிந்த நீலப் போர்வை வந்தது.
ஆறாவதில் அந்த வாக்கியம் வந்தது.
இந்தியில் வரவில்லை.
"நான்தான் சொன்னேன்,
எனக்கு ஒழுகுது, சுவரோரம் நீ படுன்னு."
மேடம் காத்திருந்தார்.
வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.
இந்திக்கு மாற்ற
ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்து
வேறு சொல்லாகத் தூக்க வேண்டியிருந்தது.
நடுவில் ஒரு மூச்சு விட முடிந்தது.

யார் காரணம் என்று ஒரு வட்டம் வரையச் சொன்னார்.
டிபன் மூடியை வைத்து வரைந்தேன்.
முழுவதையும் கறுப்பு ஸ்கெட்சால் அடைத்தேன்.
என் பெயர் எழுத உள்ளே இடமில்லை,
வெளியே எழுதினேன்.

மறுத்துப் பேசவில்லை. வேறு தாள் தந்தார்.
"இந்தத் தடவை எல்லாருக்கும் பங்கு போடு.
உன்னுடையதைக் கடைசியில்."

பங்கு போடுவதில் இசக்கிதான் கில்லாடி.
ஆம்லெட் பாவை இரண்டாகப் பிய்த்துப்
பெரிய துண்டைக் கடித்துவிட்டுத்தான்
உனக்கு எது வேணும் என்பான்.

மூன்று நாள் விடாத மழைக்குக் கால்வாசி.
சிமெண்டில் மண்ணைக் கலந்த காண்டிராக்டருக்கு
அதைவிடப் பெரிசு.
விரிசலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்த்
திரும்பி வராத முனிசிபாலிட்டி ஆளுக்கு ஒன்று.
மேலே குன்றை வெட்டியவர்களுக்கு ஒன்று.
அந்தச் சரிவில் வீடு பிடித்த அப்பாவுக்கும் ஒரு கோடு போட்டேன்.
போட்டு அழித்தேன்.
"ஏன்?"
"விழும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"
சொல்லி முடித்த பிறகு
என் குரல் எனக்குக் கேட்டது.
மேடம் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்,
என்னைப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது
வெட்டிப்போட்ட நகம்போல ஒரு கீற்று.
இதையும் யாருக்காவது கொடுக்கிறாயா என்றார்.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று சொல்ல இந்தியில் வரவில்லை,
தமிழிலும்தான்.
அந்தத் தாளை நாலாக மடித்துப்
பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது குர்லாவில் தூறல்.
ஜன்னலோரம் ஒரு சீட் காலி.
உட்கார்ந்தேன்.
உள்ளங்காலில் ஆறு, ஆறரை.
கம்பிக்குள் வந்த துளி ஒன்று முழங்கையில் தெறித்தது.
அம்மா என்னைத் தாண்டிக் கை நீட்டி
ஷட்டரை இறக்கப் போனாள்.

விடும்மா என்றேன்.
வித்யாவிஹார் வரைக்கும்.