பயனிலை

வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில்
வலேரியான் ஒரே வாக்கியத்தைக்
காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார்.
"விளைவுகளைச் சந்திக்க நேரிடும்."
முன்னால் "கடும்" போடலாமா, "தக்க" போதுமா?
போன மாதம் மீன் விற்கும் நாட்டுக்குக் "கடும்" கொடுத்தாயிற்று.
இவர்கள் இன்னும் சின்ன நாடு.
"தக்க" என்றாலே வியர்த்துவிடும்.
பன்மையை மட்டும் யாரும் தொடக் கூடாது.
ஒருமையில் சொன்னால்
"எந்த விளைவு?" என்று எவனாவது கேட்டுத் தொலைப்பான்.

சந்திக்க.
ரயில் நிலையத்தில் மைத்துனனைச் சந்திப்பதுபோல.
நேரிடும்.
மழையும் மாரடைப்பும் நேர்வதுபோல.
யாரும் எதுவும் செய்யப்போவதில்லை.
அதுவாகவே கிளம்பும்,
கைகால் இல்லாமல்
முகவரி விசாரித்துக்கொண்டே வரும்.

மாலைக்குள் அது பிரஸ்ஸல்ஸில் அச்சேறியது.
"விளைவுகள் தவிர்க்க முடியாதவை" என்று ஒருவர் எழுதினார்,
எழுதிவிட்டு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு
சாப்பிடப் போனார்.
"விளைவில்லாத எச்சரிக்கை வெறும் சத்தம்"
என்று குறைப்பட்டார் இன்னொருவர்.
எங்காவது ஏதாவது விளைந்தால்
அவருக்கு நிம்மதி.

எனக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய தகராறு.
விளைவு என்றதும் தமிழில் எனக்கு மண்தான் வருகிறது,
விதை வருகிறது, அறுப்பு வருகிறது.
விதைத்தவனே அறுக்க வேண்டும் என்பது கணக்கு.
வினைக்கும் அதே கணக்குத்தான்.
இங்கே விதைத்தவர் மூன்றாம் மாடியில்.
அறுப்பவன்

இலாரியோன் பொஸ்தான்.
தினிஸ்தர் ஆற்றுக்கு மேற்கே
நாலு ஹெக்டேர் ஆப்பிள்,
பாதி கடனில் போட்ட சொட்டுநீர்க் குழாய்.
லாரியில் இருபது டன்.
எல்லைச் சாவடியில் இன்று நான்காம் நாள்.
அவனிடம் யாரும் விளைவு என்று சொல்லவில்லை.
"பூச்சி" என்றார்கள்.
"பெட்டியில் பூச்சி. வண்டியைத் திருப்பு."
முத்திரை, கையொப்பம்,
பூச்சிக்கு ஒரு லத்தீன் பெயர்.

அப்படித்தான் அது.
எதிர்காலத்தில் இருக்கும்வரைதான் விளைவு.
வந்து சேரும்போது
வேறு பெயரில் இறங்கிக்கொள்கிறது:
எரிவாயுக் குழாயில் பராமரிப்பு வேலை,
விசா அலுவலகத்தில் கணினிக் கோளாறு,
பூச்சி.
சொன்னவரைக் கேட்டால்
"அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பார்.
சொல்லப்பட்டவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூட இலக்கணத்தை எடுத்து
வாக்கியத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
எழுவாய் இல்லை.
தோன்றா எழுவாய் என்று விட்டுவிடலாம்தான்,
ஆனால் தோன்றாமல் இருப்பதற்குத்தானே
அவருக்குச் சம்பளம்.
செயப்படுபொருள்
லாரியின் முன்னிருக்கையில் முழங்காலை மடக்கித் தூங்குகிறது.
பயனிலை...
பிரித்துப் படித்தாலும்
சரியாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் இரவு
பழ ஆய்வாளர் ஜினாய்தா பணி முடிந்து வந்தாள்.
அந்த முத்திரை அவளுடையது.
கையில் நீல பிளாஸ்டிக் வாளி.
"எப்படியும் அழுகத்தானே போகிறது" என்றாள்,
அவன் முகத்தைப் பார்க்காமல்.
தார்ப்பாயை அவன்தான் அவிழ்த்துவிட்டான்.
விலை அவளும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பி
அழுத்திப் பார்த்துப் பொறுக்கினாள்,
பகலில் ஒன்றைக்கூட அப்படிப் பார்க்காதவள்.

"பூச்சி?" என்றான்.

ஒன்றைக் கடித்து
மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
"இந்தப் பெட்டியில் இல்லை."

வாளி நிரம்பிவிட்டது.
போனவள் திரும்பி வந்து
மகளுக்கென்று
சிவப்பாக இன்னும் நாலு எடுத்துக்கொண்டாள்.