ஏழாம் எண் கடை

பழைய பேப்பர் கிலோ பதினெட்டு ரூபாய்.
வடசேரியிலிருந்து வந்த கட்டில் இந்த முறை
ஓர் ஆங்கில அகராதி, அட்டை இல்லாமல்.
இசட்டில் தொடங்கிப் பின்னோக்கிக் கிழித்தேன்.
எஃப் வரைக்கும் சோழிகளோடு போயிற்று.
பாட்னாக்காரர் ஒருவர் சங்கு கேட்டுப் பேரம் படியாமல் நகர்ந்தார்.
அவருக்கென்று கிழித்த தாள் கையில் நின்றது.
அடியில் ஒரு சொல்: எண்ட்.

எனக்குத் தெரிந்த சொல்தான்.
பஸ்ஸை விட்டு இறங்கியதும்
எண்ட் ஆஃப் இந்தியா என்று
கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.
நகராட்சி நோட்டீசிலும் இருக்கிறது,
மாதத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு.
அதற்குள் நான் காலி செய்யவேண்டும்.

பொடி எழுத்தில் பொருள்கள்.
முடிவு. நுனி. சாவு. நோக்கம்.
ஐந்தாவது, வெட்டியதில் மிஞ்சிய துண்டு.
ஆமாம், அம்மா ஜாக்கெட்டுக்கு வாங்குவாளே,
கட்பீஸ்.
அப்புறம் பிறந்த கதை:
வெகு காலத்துக்கு முன்பு, யாருக்கும் இப்போது தெரியாத
ஒரு மொழியில் இதன் வேருக்கு
நெற்றி என்று அர்த்தமாம்.
முன்பக்கமாம்.
ஆகவே, என்று தொடங்கும்போது தாள் முடிந்துவிட்டது.
அடுத்த தாள் போன வாரமே
யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

சிலுவைதாசனிடம் சொன்னேன்.
வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை.
"நாங்க கரைக்கு வரும்பம் மொதல்ல தெரியுதது
மருத்துவாமலைக்க நெத்தியாக்கும்.
பஸ்ஸில வாறவனுக்குத்தான் இது முடியுத எடம்."
பல்லால் நூலைக் கடித்தார்.
"வாடகைப் பாக்கி எவ்வளவு?"

ஷட்டரை இறக்கும்போது
நம் சொல்லையும் தட்டிப் பார்த்தேன்.
கடைசியில் இருக்கிறது கடை.
கடைக்குட்டியில், கடைக்கண்ணில்.
தலைக்கடை என்றாலோ முன்வாசல்,
புறக்கடையில் கோழி மேயும்.
வாசலிலும் நின்று, முடிவிலும் நின்று,
நடுவில் எனக்காக
இருபத்திரண்டு வருஷம் வியாபாரமும் பார்த்திருக்கிறது
இந்த இரண்டெழுத்து.
அதற்கு ஒரு நோட்டீஸ்.

தாளை எடுத்துவைக்கத்தான் நினைத்தேன்.
விடிந்ததும் சூரியோதயக் கூட்டம்,
ஆடிக் காற்று, ஆணியில் படபடக்கும் நகராட்சி முத்திரை,
கைக்கு வேறு காகிதம் அகப்படவில்லை.
பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை
பத்து ரூபாய்ச் சிப்பியை நீட்டினாள்.
நெற்றி உள்பக்கம் வரும்படி சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டேன்,
இரண்டு சுற்று.