கடிவாய்

நூறு எண்ணி ஒரு பை.
பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் காட்டி
விரலால் அழுத்தி ஒட்டுவேன்.
கேப்பாப்புலவிலிருந்து வட்டுவாகல் பாலம் வரை
தூண்டில் போடுகிற முக்கால்வாசிப் பேர் என் ஆட்கள்.

ஈயம் மண்ணிலிருந்து வருகிறது.
மாரி கழுவிவிட்ட மேட்டில்
முதலில் நெருஞ்சி முளைக்கும், பிறகு சன்னம்.
எமில் சாக்கோடு போய்ப் பொறுக்கி வருவார்.
வெடித்து முடிந்ததை மட்டும்,
எதிலோ பட்டு மூக்கு நசுங்கியதை மட்டும்.
பால்மா ரின்னில் போட்டு அடுப்பேற்றினால்
செம்புக் கோது மிதக்கும்.
கீழே பாலைப் போல ஆடை பிடித்து
ஈயம் சும்மா கிடக்கும்.
செம்பு இரும்புக்கடைக்கு. ஈயம் எனக்கு.
எதில் பட்டு நசுங்கியது என்று
அடுப்படியில் நாங்கள் கதைப்பதில்லை.

பயறளவு வார்த்து
கத்தியால் நடுவில் கீறி
அந்த வெட்டுவாயை அரைவாசி மூட வேண்டும்.
முழுக்க மூடினால் நூல் ஏறாது,
திறந்து விட்டால் நிற்காது.
குறடு வழுக்கும். பல்தான் சரி.
மேல்வரிசையில் எனக்கொரு தெத்துப்பல்.
அது பதிந்த குண்டு நூலை விடாதாம்.
"ஜெசிந்தான்ர பல்லுக்குண்டு" என்றே
கேட்டு வாங்குவார்கள்.

பேரின்பத்தார் மாதம் மூன்று பை எடுப்பார்.
வருசத்துக்கு மூவாயிரத்து அறுநூறு.
அவரிடம் இருப்பது இரண்டு தூண்டில்.
மிச்சமெல்லாம் எங்கே என்று
நான் கேட்டதில்லை.
கேட்கிற வியாபாரி உண்டா?

ஆடியில் நந்திக்கடல் பின்வாங்கி
சேறு வெயில் காயத் தொடங்கிய கிழமை
சீழ்க்கைத்தாரா ஒன்றைக் கமக்கட்டில் இடுக்கி வந்தார்.
"வெடியுமில்ல, கண்ணியுமில்ல பிள்ளை.
போனன், தூக்கினன்."

இரண்டு செட்டையும்
கொட்டில் கூரை மாதிரிச் சரிந்து கிடந்தன.
வாலடியில் பச்சை. பாசி என்று நினைத்தோம்.
சீழ்க்கைக்கு வாய் திறந்தது.
காற்று மட்டும் வந்தது.

இரவுக் கறிக்கென்று அறுத்தால்
நெஞ்செலும்பு கத்தி விளிம்பு.
இறைச்சி என்று சொல்ல ஏதுமில்லை.
ஆனால் தொண்டைவரை நெல்லும் கோரைக்கிழங்கும்
அடைத்தபடி.
ஒன்றும் கீழே இறங்கவில்லை.
நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்திருக்கிறது.

கல்லை வைத்து இரையரைக்கும் பையைப் பிளந்தார்.
மணல், சிப்பித்தூள்,
ஏழு குண்டு.
எண்ணுவது என் பழக்கம், அதனால் தெரியும் ஏழு.
ஐந்து தேய்ந்து துவரம்பருப்பு.
ஆறாவதில் ஒரு கீறல், யாருடையதும் ஆகலாம்.
ஏழாவதில் சிறு பள்ளம், இடப்பக்கம் சாய்ந்து.
என் நாக்கு தன்பாட்டில் போய்
தெத்துப்பல்லைத் தடவியது.

"கல்லெண்டு விழுங்கியிருக்குது" என்றவர்
தண்ணீரில் அலசி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"இந்த ரெண்டும் பழுதில்ல,
திரும்பக் கட்டலாம்."

தாராவை வேலிக்கரையில் தாட்டேன்.
ஏழு குண்டையும் தாட்டால் மாரிக்கு மேலே வரும்,
கடலில் எறிந்தால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்,
அடுப்பில் போட்டால் பயறளவு.
சட்டைப்பைக்குள் கிடக்கின்றன.
நடக்கும்போது பாரம் தெரியவில்லை.

போன வருசம் முல்லைத்தீவுப் பல் டொக்டர்
உதட்டை விலக்கி, முரசோரம் ஓடிய
நீலக்கோட்டைக் கனநேரம் பார்த்தார்.
"என்ன வேலை செய்யிறீங்கள்?"
"வீட்டோடதான்" என்றேன்.

இன்று முகம் கழுவி
எமிலின் சவரக் கண்ணாடியில் உதட்டை நானே விலக்கினேன்.
கோடு அங்கேதான் இருக்கிறது,
கொப்பியில் அடிமட்டம் வைத்துப் போட்ட மாதிரி.

தட்டில் ஒட்டி அடுக்கிய பதினொரு பை.
ஆயிரத்து நூறு வாய், அரைவாசி மூடி.
முற்றத்தில் எமில்
சாக்கை உதறுகிற சத்தம் கேட்கிறது.