ஐந்தாம் நாள், நீலம்

போர்ட்டோவில் டிசம்பர் மழை
மேலிருந்து விழுவதில்லை;
ஆற்றிலிருந்து படியேறி வருகிறது.
கிராசியேத் குடையைக் கழுவுதொட்டியில் சாய்த்துவிட்டுக்
கையுறை மாட்டுகிறாள். சுண்டுவிரலில் கிழிகிறது.
வேறொன்று எடுக்கிறாள்.

பெட்டி எண் பதினேழு.
வெள்ளைச் சுண்டெலி. ஐந்தாம் நாள்.
வால் நரம்பில் நீலச்சாயம் ஏற்றி
மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அந்த மூன்று நிமிடத்தில்
எதையும் நினைக்காமலிருக்கப்
பதினோரு வருடமாய்ப் பழகியிருக்கிறாள்.

பிறகு திறந்தால்
கருப்பையின் இரு கொம்புகள், ஈரநூல் கனத்தில்.
கரு ஒட்டிய இடங்களில் மட்டும்
இரத்தக்குழாய் இளகி, சாயம் கசிந்து,
பட்டை பட்டையாய் நீலம்.
இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து.
நோட்டில் 9 என்று எழுதுகிறாள்.
அது 4 மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டு எழுதுகிறாள்.

நீலத்தை நறுக்கி ஒரு குப்பியில்.
நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவே
வெளிறிக் கிடக்கும் சதையை இன்னொன்றில்.
தேடுவது ஒரு கொழுப்பு மூலக்கூறை:
உடம்பே நெய்து
வேலை முடிந்ததும் உடம்பே அறுத்துப்போடுவது.
கஞ்சாப்புகை வெளியிலிருந்து வந்து தட்டும் கதவு
முதலில் இதற்காக வைத்த கதவு.
கண்டுபிடித்தவர்கள் சூட்டிய பெயருக்குள்
ஆனந்தம் என்றொரு சொல் இருக்கிறது.
அவள் நாக்கில் அது அனந்தமிடா,
லிஸ்பனில் இருக்கும் யாரோ ஒரு அத்தை மாதிரி.

மாலையில் இயந்திரம் காகிதம் துப்பும்.
வெளிறிய சதையில் நிறைய.
நீலத்தில் கொஞ்சம்.
கரு காலூன்றும் இடத்தில் ஆனந்தம் வடிந்திருக்கும்.
வடிய வைக்கும் நொதி பக்கத்திலேயே காவலிருக்கும்.
ஒரேயடியாய் இல்லாமல் போனாலும் ஆகாது:
அந்தக் கதவே இல்லாமல் பிறப்பித்த எலிகளில்
கருக்கள் குழாயிலேயே நின்றுவிட்டன,
கடைசி டிராமைத் தவறவிட்டவர்கள் போல.

உப்பு மாதிரி, என்றான்
புதிதாய்ச் சேர்ந்த மாணவன் தியோகோ.
உப்பு மாதிரி இல்லை.
உப்பை நாம் போடுகிறோம், என்றாள்.

அவளுக்கும் இன்று ஐந்தாம் நாள்.
மூன்றாவது முறை.
மனுஷிக்கு நீலம் ஏற்றிப் பார்க்க வழியில்லை;
பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி வரும், அவ்வளவுதான்.
மருத்துவமனையில் படிவம் நிரப்பிய செவிலி
புகைப்பீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள்.
சந்தோஷமாக இருங்கள், அதுதான் முக்கியம் என்றாள் செவிலி.
கிராசியேத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
விளக்கப் போனால் பெரிய கதை.
அதோடு, அந்த ஆனந்தம் இந்தச் சந்தோஷம் இல்லை;
பெயரை நம்பி யாரும் கடன் கொடுப்பதில்லை.

பால்கனியில் ஜெரேனியங்களுக்கு நடுவே
அமாதேயு வளர்த்துவந்த செடி
போன மாதம் ஒருநாள் காணாமல் போயிருந்தது.
பிடுங்கியதைப் பற்றி அவன் பேசவில்லை.
காலித் தொட்டியில் மழை நிற்கிறது.
அவளும் கேட்கவில்லை.

இன்று எத்தனை, என்று மட்டும்
சமையலறையிலிருந்து கேட்கிறான்.
ஒன்பது.
ம்.

நேற்றிலிருந்து ஊறும் உப்புக்கருவாட்டின்
தண்ணீரை மறுபடி கொட்டுகிறான்.
ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்து
ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறான்.
நனைந்த காலுறையைக் கழற்றிக்கொண்டே
அவள் காத்திருக்கிறாள்.

இன்னும் ஒரு தண்ணீர், என்கிறான்.