முப்பத்துநாலு கேஜ்

எரிந்துபோன மோட்டாரில் உருவிய செம்புக் கம்பி.
தேயிலை ஃபேக்டரிக்காரர்கள்
பழையதைத் திரும்பக் கேட்பதில்லை.
பதினாலாம் நம்பர் முள்ளில் ஒன்பது சுற்று,
மேலே எங்கள் நாயின் கழுத்து முடி,
வாலுக்குக் கோழியிறகில் மூன்று இழை.
எவனும் இதைப் பூச்சி என்று சொல்லமாட்டான்.
சொல்ல வேண்டியது அவனில்லை.

அவலாஞ்சிக்கு மேலே,
ஓடை சோலைக்குள் நுழையும் இடம்.
முதலில் ஒரு கல்லைப் புரட்டுவேன்.
அடியில் ஒட்டி நெளியும் தட்டையான உயிர்கள்,
இன்னும் சிறகு வராதவை.
அன்றைக்கு அவை என்ன நிறமோ
அந்த நிறத்தில் ஒன்றைப் பெட்டியில் தேடிவிட்டு
கல்லை இருந்தபடியே வைப்பேன்.

நீரோட்டத்துக்கு எதிரே வீசவேண்டும்.
வீசியபின் எதுவும் செய்யக்கூடாது.
கஷ்டமெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.
நரம்பு விறைக்காமல், தொய்யாமல்,
ஓடையின் நடையிலேயே வரவேண்டும்.
கொஞ்சம் முந்தினாலும்
கீழே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.
நரம்பில் முடிந்த ஆரஞ்சு நூல்
நின்றால் தூக்கு.
கல். 
நின்றால் தூக்கு.
பாசி.
தூக்கு. மறுபடி கல்.

பெள்ளி பாலத்துச் சுவரில் உட்கார்ந்து
வர்க்கி தின்றபடி எண்ணினான்:
"இருபத்தாறு கல் பிடிச்சாச்சு.
வீடே கட்டலாம்."

இருபத்தேழாவது கல்
பக்கவாட்டில் நகர்ந்தது.

கையை நனைத்து ஏந்தினேன்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே.
விலாவில் ரோஜாநிறக் கோடு.
வாயின் இடது மூலையில் என் பூச்சி.
வலது மூலையில்
என் பூச்சி.

சித்திரையில் முடிச்சு நழுவிப் போனது.
முள்ளின் செதிலை நசுக்காமல் கட்டிய காலம்.
நாய்முடி உதிர்ந்து
செம்பு பச்சை பிடித்திருந்தது.
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.

இதை வாயில் வைத்துக்கொண்டுதான்
இத்தனை நாள் தின்றிருக்கிறது.
மழைக்கலங்கலில் நின்றிருக்கிறது.
அடித்தரையில் உருண்டுவந்த இன்னொன்றையும்
நம்பியிருக்கிறது.

"புத்தி கெட்ட மீன்" என்றான் பெள்ளி.

எனக்கு மாதியம்மா ஞாபகம் வந்தது.
கேரட் தோட்டத்துப் பம்பை
மூன்றாம் தடவையும் ஜீப்பில் ஏற்றிவந்து
"நீ கட்டினாத்தான் நிக்கும்" என்றவர்.
அந்தக் காயிலில் நான் எத்தனை சுற்று
குறைத்தேன் என்று
அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

புது முள் ஒரு திருப்பில் வந்துவிட்டது.
பழையதற்குக் குறடு வேண்டியிருந்தது,
கொஞ்சம் ரத்தமும்.
தலையை நீருக்கு எதிரே வைத்துப் பிடித்திருந்தேன்.
செவுள் இரண்டு முறை, மூன்று முறை,
பிறகு கையில் தண்ணீர் மட்டும்.

"கணக்கில் சேர்க்கவா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
இரண்டு பூச்சியையும் சட்டைக் காலரில் குத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்
கேத்திக்குப் போகவேண்டும்.
புதுக் கம்பி அரைக் கிலோ
வாங்கிக்கொண்டு.