தாடி

கான்வி துறையில் தண்ணீர் வற்றிவிட்டது,
காலை ஐந்தே கால்.
கோட்டையின் நிழல் இன்னும் சேற்றில் இறங்கவில்லை.
நெரிஸ் முன்னால் வாரியை இழுக்கிறாள்,
நான் பின்னால் வாளியோடு.
மூடியவை வாளிக்கு, திறந்தவை சேற்றுக்கு.
இதற்குத்தான் சம்பளம்.

திறந்தவற்றை நான் உடனே எறிவதில்லை.
யார் வந்து போனார் என்று பார்ப்பேன்.

அவசரக்காரன் உறை கிழித்தது போல
ஓரம் பிய்ந்திருந்தால் நண்டு.
பக்கவாட்டில் பிளந்திருந்தால்
அந்தச் செம்மூக்குப் பறவை.
அதிலும் சம்மட்டிக்காரர் வேறு, கத்திக்காரர் வேறு;
மூக்கு நுனி தேய்ந்த விதத்தில் தொழில் தெரியுமாம்.
என் விரல் நுனியிலும் தெரியும்.

ஒரு கீறலும் இல்லாமல்
வீட்டார் வெளியூர் போனது போலத் திறந்து கிடந்தால்
நட்சத்திரமீன். அது கதவை உடைக்காது.
ஐந்து கையாலும் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும்,
உள்ளே பிடித்திருப்பவர் சோரும் வரை.
மயிரிழை வழி கிடைத்தால் போதும்,
தன் வயிற்றையே உள்ளே அனுப்பிவைக்கும்
விருந்துக்கு.

எனக்குப் பயம் ஊரியிடம்தான்.
கட்டைவிரல் நுனி அளவு. வெள்ளை. சாது.
மட்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்தால்
இரண்டு நாள், மூன்று நாள்.
அமிலம் தடவும், நாக்கால் அராவும்,
மறுபடி தடவும்.
குண்டூசித் தலை போல ஒரு துளை;
அவ்வளவு வட்டமாகத் தச்சனும் போட மாட்டான்.
பிறகு உள்ளிருப்பதைக் கஞ்சியாக்கிக்
குடித்துவிட்டு இறங்கிப் போகும்.
மட்டி அத்தனை நாளும்
வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்திருக்கும்.
வாய் மூடினால் பிழைக்கலாம் என்று
அதற்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இன்று ஒரு கொத்தைப் பிரித்தேன்.
நடுவில் ஒரு ஊரி, தலைகீழாக.
சுற்றி ஒன்பது மட்டிகள்
தத்தம் நாரை நீட்டி அதன் ஓட்டில் ஒட்டி
பந்தல் கயிறு போல
நாலாபுறமும் இழுத்துக் கட்டியிருந்தன.
செத்து நாளாகியிருந்தது. பட்டினி.

ஒரு மட்டியின் முதுகில்
பாதி போட்ட துளை.

அந்த நாருக்குத்தான் எங்கள் கொட்டகையில் தாடி என்று பெயர்.
மத்தியானம் முழுக்க
பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் எறிவது அதைத்தான்.
உணவகக்காரருக்குத் தாடி பிடிக்காது.

நெரிஸிடம் நீட்டினேன்.
கையுறையைக் கழற்றி, நாரை ஒருமுறை சுண்டிப் பார்த்து,
வேல்ஷில் ஏதோ சொன்னாள்.
பாவம் என்றாளா, பலே என்றாளா தெரியவில்லை.
யாரைப் பார்த்து என்பதும்.

தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது.
எட்டு மட்டிகளை வாளியில் போட்டேன்.
மூடியவை வாளிக்கு.

ஒன்பதாவதை எந்தக் கடையும் வாங்காது.
ஓடு பழுது.
அதைச் சேற்றில் வைத்தேன்,
தாடியோடு.