அதே எண்

டோல்கேட் தாண்டி, கிருஷ்ணகிரிக்கு இந்தப்பக்கம்
டீக்கடை பெஞ்சில் வைத்துப் பின்மூடியைத் திறந்தேன்.
ஒமேகா, அறுபத்திரண்டாம் வருஷத்துச் சரக்கு
என்றான் பெங்களூர்க்காரன்.
லென்ஸை இடுக்கிப் பார்த்தால்
டயலின் பழுப்பு, வயதில் வந்ததில்லை;
யாரோ டிகாஷனில் நனைத்து
வெயிலில் காயவைத்த முதுமை.
கெட்டிக்காரன்.
முள்ளை மட்டும் மறந்துவிட்டான்.
கையைக் குவித்து இருட்டாக்கினால்
புதுமாப்பிள்ளை போல் மினுங்குகிறது.

சிரித்துக்கொண்டே திருப்பித் தந்திருப்பேன்
அந்த எண்ணைப் படிக்காமல் இருந்திருந்தால்.

எட்டு இலக்கம்.
மூன்று வருஷம் முன்னால்
ராயக்கோட்டை தக்காளி மண்டி முனிவெங்கடப்பாவுக்கு
ஒரிஜினல் என்று சத்தியம் பண்ணி
நான் விற்றதிலும் இதே எட்டு.
காலி கிரேடைக் கவிழ்த்து, அதன்மேல்
பணத்தை எண்ணித் தந்தார்.
இது பொய் என்றால் அது மெய்யா,
இரண்டுக்கும் ஒரே மேஜையா?

நேற்றுகூட போன்:
"நாளைக்கு ரெண்டு நிமிஷம் முந்துது, அவ்ளோதான் சாமி.
தை மாசம் மருமகன் கையில கட்டப்போறேன்."

பெங்களூர்க்காரன்
கேட்காமலே விலையைக் குறைக்கிறான்.
என்னிடம் இருந்தால்
வேறு யார் கண்ணிலும் படாது இந்த எண்.
மூடியை அழுத்துகிறேன்.
டீ ஆறிவிட்டது.
"எவ்வளவுக்கு முடிக்கலாம்?" என்கிறேன்.